கொட்டகலையில் ஒரு புரோகிராமர் மேசை: முதலில் மொனிட்டர், பிறகுதான் கிராஃபிக்ஸ் கார்ட்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் சித்தப்பா மகள், கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நிரப்பக்கூடிய இணையப் படிவங்கள்தான் அவள் வேலை. கோட் ஒரு பக்கம், பிரவுசர் ஒரு பக்கம், அந்தப் பிரவுசருக்குள் மூன்று மொழியும் அருகருகே நிற்க வேண்டும். இவ்வளவையும் 1366×768 பிக்சல் கொண்ட 18.5 அங்குல மொனிட்டர் ஒன்றில் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரமானால் கண் எரிகிறது என்றாள்.

"அண்ணா, கேம் விளையாடவெல்லாம் இல்ல. எழுத்து தெளிவா தெரியணும். ஒண்ண மூடிட்டு இன்னொண்ண திறக்கிற வேலை இருக்கக் கூடாது. அதுக்கு எந்த கார்ட் வாங்கலாம்?"

கேள்வியை அப்படித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். புரோகிராம் எழுதும் கணினிக்கு கார்டைத் தேர்ந்துவிட்டு மொனிட்டர் தேடுவது தலைகீழ் வேலை என்பது என் உறுதியான கருத்து. நாள் முழுக்கப் பார்க்கப்போவது எழுத்தை. அந்த எழுத்தை எந்தத் திரை நன்றாகக் காட்டும் என்று முடிவானதும், அந்தத் திரையை 60 ஹேர்ட்ஸில், அதாவது படம் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் வேகத்தில் ஓட்ட எத்தனை போர்ட் (கேபிள் செருகும் துளை), எந்த வகைப் போர்ட் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதைத் தரக்கூடிய கார்டுகளில் மின்சாரம் குறைவாக எடுப்பதை வாங்கினால் போதும்.

கணினி பாவித்தது, ஆனால் நல்ல நிலையில் இருந்தது. இன்டெல் கோர் ஐ5-9400எஃப், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஜிடி 710 கார்ட். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறாள். இதில் கவனிக்க வேண்டியது அந்த 'எஃப்'. இன்டெல் சிப்பின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. மதர்போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கும், கேபிளைச் செருகினால் ஒன்றும் வராது. இரண்டாவது மொனிட்டரை அதில் கொடுத்துவிடலாம் என்ற வழி இங்கே அடைபட்டுப் போகிறது. எஃப் இல்லாத ஐ5 வைத்திருப்பவர்கள் முதலில் மதர்போர்டில் உள்ள போர்ட்டுகளைப் பார்க்கட்டும். டிஸ்ப்ளேபோர்ட் ஒன்றும் எச்டிஎம்ஐ ஒன்றும் இருந்தால், 4கே (3840×2160 பிக்சல்) ஒன்றையும் 1080பி (1920×1080) ஒன்றையும் கார்ட் இல்லாமலே ஓட்டலாம். காசு மிச்சம்.

ஜிடி 710 ஐ வைத்துக்கொண்டே சமாளிக்கலாமா என்றும் யோசித்தேன். அது என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறைக் கார்ட். லினக்ஸில் அதை இயக்கும் மென்பொருளான என்விடியா டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. அதிலுள்ள எச்டிஎம்ஐ 1.4 வகை என்பதால் 4கே மொனிட்டரை 30 ஹேர்ட்ஸில்தான் ஓட்டும். கணக்கு எளிது. 3840×2160 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 24 பிட், விநாடிக்கு 60 தடவை என்றால் ஏறக்குறைய 12 கிகாபிட். எச்டிஎம்ஐ 1.4 சுமக்கக்கூடியது 8 கிகாபிட்டுக்குச் சற்று மேல். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 14.4, டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் 17.28. 30 ஹேர்ட்ஸில் படம் ஒன்றும் கெட்டுப்போகாது, ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவும். கோட் வரிகளை மேலும் கீழும் உருட்டும்போது அவை கலங்கும். எட்டு மணி நேரம் அதைப் பார்க்க யாரையும் உட்கார வைக்கக் கூடாது.

சரி, மொனிட்டர். அளவை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்பதே எழுத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது. 24 அங்குலத்தில் 1080பி என்றால் 92. அதே 1080பி 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைகிறது. பெரிய திரை, ஆனால் எழுத்து இன்னும் மோசம். 27 அங்குலத்தில் 1440பி (2560×1440) என்றால் 109, 4கே என்றால் 163.

ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு 92 தாராளம். நமக்கு அப்படியல்ல. கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் சின்னக் கோப்பு ஒன்றை எடுத்துப் போனேன். அதில் க், ங், ஞ், ழ், ணை, ஸ்ரீ, க்ஷி போன்ற எழுத்துகள், சிங்களத்தில் மேலே இஸ்பில்ல, கீழே பாபில்ல என்ற உயிர்க்குறிகள் வரும் எழுத்துகள், இவற்றோடு கோட் வரிகள் கொஞ்சம். எல்லாம் அவள் எடிட்டரில் பாவிக்கும் அதே அளவில். 27 அங்குல 1080பி திரையில் ங் என்ற எழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது. ணி, ளி இரண்டிலும் மேலே வளையும் கோடு சாம்பல் நிறத் திட்டாகத் தெரிந்தது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் எது எது என்று சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருந்த 4கே திரையில் அதே கோப்பைத் திறந்தோம். புள்ளி தனியாக, வட்டமாக, எழுத்துக்கு மேலே இடைவெளி விட்டு நின்றது. படிவத்தில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக உள்ளவளுக்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

கடைக்காரர் நல்ல மனிதர். "தம்பி, இதே காசுக்கு 43 அங்குல 4கே டிவி வருமே" என்றார். படம் பார்க்க அது சரி. எழுத்துக்குச் சரிவராது. பல டிவிகள் கணினியிலிருந்து வரும் படத்தின் நிற விவரத்தைக் குறைத்துவிட்டுத்தான் காட்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு, நீலம் என்று எடிட்டர் நிறம் பிரித்துக் காட்டும் எழுத்துகளின் ஓரமெல்லாம் கசிந்துவிடும். தவிர, 43 அங்குலத்தில் 4கே என்றாலும் அங்குலத்துக்கு 102 பிக்சல்தான்.

முடிவில் எடுத்தது இரண்டு. 27 அங்குல 4கே, ஐபிஎஸ் பெனல், மேட் பூச்சு, உயரம் ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்ட், உத்தரவாதத்தோடு புதியது. இரண்டாவது, அலுவலகங்களில் இருந்து கழித்துவிடும் 24 அங்குல 1920×1200 மொனிட்டர், பாவித்தது. அதைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கலாம். இரண்டிலுமே டிஸ்ப்ளேபோர்ட் உண்டு. இரண்டுமே 4கே ஆக வாங்கினால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்தான். ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு கணினிச் சாமான் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. முதல் திரைக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, இரண்டாவதில் சிக்கனம் பிடிப்பதே சரி.

இப்போது கார்டுக்கு வேண்டியது என்ன என்று தெளிவாகிவிட்டது. குறைந்தது இரண்டு டிஸ்ப்ளேபோர்ட், மதர்போர்டின் துளையிலிருந்தே கிடைக்கும் 75 வொட்டுக்குள் அடங்கும் மின்தேவை, லினக்ஸில் இன்னும் பல வருடம் டிரைவர் வரும் தலைமுறை, 4 ஜிபி நினைவகம். நினைவகம் ஏன் என்றால், 4கே திரையின் ஒரு படம் மட்டுமே 33 எம்பி. எடிட்டர், பிரவுசரின் டேப்கள், டெர்மினல் எல்லாம் தனித்தனியே படங்களை வைத்துக்கொள்ளும். 2 ஜிபியில் ஓடும், ஆனால் மூச்சு முட்டும்.

சந்தையில் அதிகம் தள்ளிவிடப் பார்ப்பது ஆர்எக்ஸ் 580. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றிய பிறகு கார்ட் வைத்துக் காசு தோண்டும் தொழில் படுத்துவிட்டது. அந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. விலை குறைவு, வேகம் அதிகம், உண்மைதான். ஆனால் 185 வொட் எடுக்கும். எட்டு முள் மின் இணைப்பு கேட்கும். இரவு பகலாக ஓடிய விசிறி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சிலதில் மாற்றி எழுதிய பயாஸ் (கார்டை எழுப்பும் உள் மென்பொருள்). கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில், ஒரு சின்ன யுபிஎஸ்ஸை நம்பி வேலை செய்பவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

ஜிடி 1030 வெறும் 30 வொட். நல்லதுதான், ஆனால் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் போட்ட மிக மெதுவான ஒன்றும் இருக்கிறது. பெட்டியை மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு போர்ட்தான், பலதில் அதில் ஒன்று டிவிஐ. அதைவிட முக்கியம், அது என்விடியாவின் பழைய பாஸ்கல் தலைமுறை. என்விடியாவின் 580 வரிசை டிரைவர்தான் பாஸ்கலுக்குக் கடைசி. இதே காரணத்தால்தான் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் உள்ள குவாட்ரோ பி620 ஐயும் மனமில்லாமல் ஒதுக்கினேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 க்கு லினக்ஸில் டிரைவர் தொல்லையே இல்லை, 53 வொட்தான். ஆனால் அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் (என்கோட் செய்யும்) பகுதி கிடையாது. மதர்போர்டோடு நான்கே தடத்தில் பேசுவதால் கார்ட் செருகும் துளை பிசிஐஇ 3.0 வகையாக உள்ள பழைய போர்டில் இன்னும் மெதுவாகும். இன்டெல் ஆர்க் ஏ380 இந்தப் போர்டுக்குப் பொருந்தாது. ரீசைசபிள் பார் வசதி (கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுகும் வசதி) இருந்தால்தான் அது உருப்படியாக ஓடும்.

தேர்ந்தது என்விடியா டி400, 4 ஜிபி உள்ளது. பாஸ்கலுக்குப் பிந்திய டூரிங் தலைமுறை, 30 வொட், மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட் 1.4. கேம்காரர்கள் திரும்பியும் பார்க்காத கார்ட் என்பதால் வேர்க்ஸ்டேஷன்களில் இருந்து கழற்றியது நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இது போதாது. அவர்கள் 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பக்கம் போக வேண்டும், 170 வொட்டுக்கு ஏற்ற பவர் சப்ளையோடு. அவளுக்கு அது தேவையில்லை.

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினேன். பாவித்த கார்ட் வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கடையிலேயே ஒரு கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்தால் உண்மையான சிப் எது என்று தெரிந்துவிடும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் எழுதி விற்கும் போலிகள் உண்டு. அப்படியே மூன்று போர்ட்டிலும் மாறி மாறி மொனிட்டரைச் செருகிப் பாருங்கள். இரண்டாவது, இந்த வகைக் கார்டுகள் பெரும்பாலும் சின்னக் கேசுக்கான குட்டைத் தகட்டோடு வரும். சாதாரண டவர் கேசில் அதைத் திருகாணி போட்டு இறுக்க முடியாது. நீளத் தகட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

மொனிட்டரை ஹட்டன் பஸ்ஸில்தான் கொண்டுவந்தேன். அவிசாவளை தாண்டி கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைவுகள் தொடங்கும் பாதை அது. பெட்டியைப் படுக்க வைக்கக் கூடாது, மேலே யாராவது ஒரு பையை வைத்தால் பெனல் போய்விடும். இருக்கைக்கும் முழங்காலுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டால் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. எந்த வாங்கும் வழிகாட்டியிலும் இது வராது. பழைய கார்டைக் கழற்றுமுன் கேசின் பின்புறத் தகட்டில் விரல் பட்டபோது மெல்லிய ஷொக் அடித்தது. சித்தியிடம் சொன்னேன். "அது எப்பவும் அப்படித்தாம்பா. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்றார்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை கேசிலும் மறு முனையை வெளியே ஈரமண்ணில் குத்திய இரும்புக் கம்பியிலும் வைத்துப் பார்த்தேன். நூறைத் தாண்டிக் காட்டியது. பிளக் மூன்று முள்தான், ஆனால் சுவரிலுள்ள சொக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. கணினியின் பவர் சப்ளைக்குள் லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்று என்று சின்ன கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் முழுக் கேசும் 230 வோல்ட்டில் பாதியளவில், கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகச் சிறியது என்பதால் ஆளுக்குச் சுரீரென்பதோடு முடிந்துவிடும். ஆனால் அதே நிலையில் மொனிட்டர் கேபிளைச் செருகினால் அந்தக் கசிவு சிக்னல் முள்கள் வழியே பாயப் பார்க்கும். போர்ட் செத்துப்போவது இப்படித்தான். கார்ட் சரியில்லை, மொனிட்டர் சரியில்லை என்று கடையோடு சண்டை பிடிக்கிறோம். உண்மையான காரணம் சுவருக்குள் இருக்கிறது. பழைய தோட்ட வீடுகளில் எர்த் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுப் பார்ப்பதே நல்லது.

எனவே புதுச் சாமான் எதையும் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை. தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வடிகான் ஓரமாக எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் செம்பு பூசிய எர்த் கம்பியை அடித்து இறக்கினார். மெயின் போர்டுக்கு வயர் இழுத்தார், மேசைக்குப் புது சொக்கெட் போட்டார். ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்றும் பார்த்தார். மறுபடி மீட்டரை வைத்தபோது கேசில் ஒன்றும் இல்லை. இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். தெரிந்தவரிடம் விடுங்கள்.

கார்ட் பொருத்துவது சின்ன வேலை. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு தடவை அழுத்தி மிச்சத்தை இறக்கிவிட்டேன். இந்த மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும், கேசின் திருகாணிகளில் துரு தெரிந்தது. டி400 இன் தங்கநிற முனைகளும் மங்கியிருந்தன. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த துணியால் துடைத்ததும் பளிச்சென்றாகின. கேசை வெளிச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தேன்.

முதலில் 24 அங்குல மொனிட்டரை மட்டும் கொடுத்தபோது கணினி ஒழுங்காக எழுந்தது. 4கே மொனிட்டரைக் கொடுத்தால் எழவில்லை. விசிறி ஒரு கணம் சுற்றும், நின்றுவிடும். கேபிளைப் பிடுங்கினால் சரி. மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இப்படி ஒரு கோளாறு உண்டு. 20 ஆவது முள் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, அடாப்டர்களுக்காக வைத்திருப்பது. சாதாரண கேபிளில் அந்த முள்ளை இரு முனைக்கும் நடுவே இணைக்கவே கூடாது என்பது விதி. இணைத்துவிட்டால் மொனிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் பின்பக்கமாக வந்து நிற்கும், கணினி குழம்பிவிடும். தரச்சான்று பெற்ற வேறு கேபிள் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. ஹட்டனில் எச்டிஎம்ஐ கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கும். மினி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் தேட வேண்டியிருக்கும், கார்ட் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக மினி டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐ மாற்றும் சின்ன அடாப்டர் வாங்குவதாக இருந்தால், ஆக்டிவ் வகையா (சிக்னலை மாற்றும் சிப் உள்ளதா) என்று கேளுங்கள். சாதாரண வகை 4கே திரையை 60 ஹேர்ட்ஸில் ஓட்டாது.

டிரைவர் விடயத்தில் ஒன்றே ஒன்று. செக்கியூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால், நிறுவும்போது உபுண்டு ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி எழும்போது நீலத் திரையொன்று வரும், அதில் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்துச் சாவியைச் சேர்க்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

அப்புறம், இரண்டு திரைக்கும் எழுத்தளவு ஒத்துவர வேண்டும். ஒன்று அங்குலத்துக்கு 163 பிக்சல், மற்றது 94. லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11 முறையில் இரண்டுக்கும் ஒரே அளவுதான் சரியாக வரும். புதிய வேலண்ட் முறையில் தனித்தனியே கொடுக்கலாம். 4கே திரைக்கு 150 சதவீதம், மற்றதற்கு 100 வைத்தோம். என்விடியா கார்டில் வேலண்ட் தடுமாறும், திரை மினுக்கும் என்ற பேச்சு 2024 இல் 555 வரிசை டிரைவர் வரும்வரை நியாயமானது, அதற்குப் பிறகு வந்த டிரைவர்களில் அந்த மினுக்கலை இங்கே நாங்கள் பார்க்கவில்லை. செங்குத்தாகத் திருப்பிய திரைக்கு இன்னொரு திருத்தம் வேண்டும். எழுத்தோரத்தை மழுப்ப சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களைப் பாவிக்கும் முறை, அவை பக்கவாட்டில் அடுக்கியிருப்பதாக நினைத்து வேலை செய்கிறது. திரையைத் திருப்பினால் அந்த அடுக்கு மேல்கீழாகிவிடும், எழுத்தில் நிறக்கரை தெரியும். எழுத்துரு அமைப்பில் கிரேஸ்கேல் என்று மாற்றியதும் போய்விட்டது.

கோட் செங்குத்துத் திரையில், மூன்று மொழிப் படிவம் நேரெதிரே. "அண்ணா, சிங்களப் பக்கத்துல பட்டனுக்குள்ள எழுத்தோட கீழ்ப்பாகம் வெட்டுப்பட்டு இருக்கே, இத இவ்வளவு நாளா யாருமே பார்க்கலயா?" என்று கேட்டபடியே திருத்தத் தொடங்கிவிட்டாள்.

மின்சாரத்தை மீட்டர் வைத்துப் பார்த்தேன். கணினி, இரண்டு மொனிட்டர், ரவுட்டர் எல்லாம் சேர்த்து சாதாரண வேலையில் 110 வொட் அளவில் நிற்கிறது. யுபிஎஸ் 650 விஏ. அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பட்டரி ஏட்டுக்கணக்கில் 84 வொட்-மணி. கைக்கு வருவது அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஓடும் மீட்டிங்கை முடித்து, எழுதிய கோட் வரிகளைச் சேர்வரில் ஏற்றிவிட்டு, கணினியை முறையாக நிறுத்த அது போதும். செங்குத்துத் திரையை அணைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் நிற்கும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கடுமையாக இருக்கும். அதற்கு யுபிஎஸ்ஸை நம்பக் கூடாது. மேசைச் சாமான் எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் கொடுத்து, அந்த ஒரு பிளக்கைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறோம். இடி கேட்கத் தொடங்கியதும் சுவிட்ச்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் நெட்வேர்க் வயரையும் சேர்த்து.